பலகையில் எழுத ஒரு சொல்

உயிரே போனாலும் முன்னறையை விட்டுக் கொடுப்பதில்லை என்று காற்புள்ளி முடிவெடுத்தபோது மதியம் மணி இரண்டு பத்து. எடுத்த முடிவை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லியும் பார்த்துக் கொண்டார். மனைவி அடுக்களையில் குழாயைத் திறந்து விட்டிருந்தாள். அந்தச் சத்தம் இருந்ததால்தான் அவருக்கு அவ்வளவு தைரியம்.

காற்புள்ளி என்பது அச்சகத்தில் வைத்த பெயர். ஒரு துண்டறிக்கையில் ஒரே ஒரு காற்புள்ளி விடுபட்டதற்காக, ஓடிக் கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தி, ஆறாயிரம் பிரதிகளைக் கழிவுத்தாளாக்கிய அன்று ஒட்டிக் கொண்டது. பதினெட்டு வருஷமாக மெய்ப்புத் திருத்துகிறார். காலை ஆறு மணிக்குப் போனால் ஒரு மணிக்கு வேலை முடியும். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, இரண்டு மணிக்கு முன்னறை திவானில் சாய்ந்தாரானால் நான்கு மணி வரை அவரைப் பொறுத்தவரை உலகம் கிடையாது. அந்த அறைக்கு இரண்டு பக்கமும் ஜன்னல். காற்று ஒன்றில் நுழைந்து, அவர் மேல் ஒரு நடை நடந்துவிட்டு, மற்றதில் வெளியேறும். இந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் நாளின் மிச்சத்தை அவர் பொறுத்துக் கொண்டிருந்தார்.

அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

அவர் மனைவி புல்லாங்குழல் வாசிப்பவள். நன்றாகவே வாசிப்பாள். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மேல்மாடி நர்ஸம்மா கற்றுத் தரச் சொல்லிக் கேட்டாராம். தெருமுனைத் தையல்காரர் கேட்டாராம். இப்படி ஆறு பேர் சேர்ந்துவிட்டார்களாம். ஆறு பேருக்கும் ஒத்து வருகிற நேரம் மதியம் இரண்டரையிலிருந்து நாலரை வரைதானாம். ஆறு பேர் உட்காருகிற மாதிரி வீட்டில் இருப்பது முன்னறை ஒன்றுதானாம். இதையெல்லாம் அவள் சோறு போட்டபடியே சொன்னாள். எந்தப் பெரிய செய்தியையும் அவர் வாயில் கவளம் இருக்கும்போதுதான் அவள் சொல்வது வழக்கம்.

'முடியாது' என்ற சொல்லைக் காற்புள்ளி பல ஆயிரம் தடவை திருத்தியிருக்கிறார். வாயால் சொன்னதில்லை. அதனால் வேறு வழி யோசித்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, ரொம்ப அக்கறைப்படுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக் கொண்டார்.

"வாசல்ல போர்டு ஒண்ணு மாட்டணுமே," என்றார்.

"ஆமாங்க. என் பேரைப் போட்டு, கீழ புல்லாங்குழல் டீச்சர்னு எழுதலாம்னு இருக்கேன்."

"டீச்சரா?" ஜாதிக்காயைக் கடித்தவர் மாதிரி அவர் முகம் கோணியது. "புரூஃப் பாக்கிறவன் வீட்டு வாசல்ல இப்படியா எழுதுவாங்க? குழல் வாசிக்கிறவங்களுக்குன்னு நம்ம பாஷையில சொல் இல்லையா?"

"இருக்கா? என்ன அது?"

"தேடணும். கிடைச்சதை எடுத்து எழுதிட முடியாது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எங்க பொறந்துச்சு, யாரு பொழங்கினாங்க, எல்லாம் பாக்கணும். தப்பா எழுதி மாட்டினா தெருவே சிரிக்கும்."

மனைவி அவர் சாப்பிட்ட தட்டை எடுத்தாள். அப்புறம் ரொம்பப் பணிவாக, "நீங்க சொன்னா சரிதாங்க. நீங்க சொல்லைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிற வரைக்கும் போர்டு மாட்டலை," என்றாள்.

இவ்வளவு சுலபமாக அவர் வாழ்க்கையில் எதிலும் ஜெயித்ததில்லை. போர்டு இல்லையென்றால் வகுப்பு இல்லை. சொல் கிடைக்காவிட்டால் போர்டு இல்லை. சொல் கிடைக்கவே கிடைக்காது; அதற்கு அவர் உத்தரவாதம். எந்தச் சொல்லைக் கொண்டு வந்தாலும் அதில் ஒரு நொட்டை சொல்லத் தெரியாதவன் பதினெட்டு வருஷம் மெய்ப்புத் திருத்த முடியுமா? நிம்மதியாக திவானில் சாய்ந்து கண்ணை மூடினார்.

தூக்கம் வரவில்லை.

குழலர் என்று ஒரு சொல் உண்டா? இல்லை குழலூதியா? குழலிசைஞர் என்றால் சரியா? புரண்டு படுத்தார். புல்லாங்குழல் என்கிறோமே, அதில் புல் எதற்கு வந்தது? பதினெட்டு வருஷத்தில் அந்தச் சொல்லில் ஒற்று சரியாக இருக்கிறதா என்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். புல் எப்படி வந்தது என்று ஒரு தடவையும் பார்க்கவில்லை. கண்ணில் மண் விழுந்தால் தூங்கலாம்; மனசில் சந்தேகமான சொல் ஒன்று விழுந்துவிட்டால் காற்புள்ளியால் முடியாது. எழுந்து செருப்பை மாட்டினார். நூலகம் இரண்டு மணிக்குத் திறந்து ஐந்து மணிக்கு மூடும்.

மனைவி குடையோடு கதவருகில் நின்றிருந்தாள். வெயில் ஜாஸ்தி என்றாள். அவர் கிளம்பப் போவது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் யோசிக்கவில்லை.

அன்று நூலகத்தில் குழல் என்ற சொல்லை எடுத்துப் பார்த்தார். துளையுள்ள பொருள் எதுவும் குழல். ஊதுவதும் குழல், துப்பாக்கியில் இருப்பதும் குழல். பெண்ணின் கூந்தலும் குழல்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, குழலி என்று போடலாம் என்று நினைத்தேன், ஆனால் அதற்குக் கூந்தல் அழகி என்று பொருள் வருகிறது, முடிக்குத் தடவ எண்ணெய் கேட்டு ஜனங்கள் வந்துவிடுவார்கள் என்று வருத்தமாகச் சொன்னார். மனைவியும் வருத்தப்பட்டாள். அப்புறம், "ஏங்க, அந்தப் புல் எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

அவர் பார்க்கவில்லை. ராத்திரி முழுக்கப் புல்லாகவே கனவு வந்தது.

மறுநாள் பார்த்தார். மூங்கில் புல் இனமாம். புல்லால் ஆன குழல் புல்லாங்குழல் என்று ஒரு புத்தகம் சொன்னது. காற்புள்ளிக்குத் தலை சுற்றியது. திரும்பி வரும்போது ஒரு கட்டடத்துக்கு மூங்கில் சாரம் கட்டி, மூன்றாவது மாடி உயரத்தில் நின்று ஒருவர் வெள்ளையடித்துக் கொண்டிருந்தார். இவர் நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, "புல்லு மேல நிக்கிறீங்க, ஜாக்கிரதை," என்றார். அந்த ஆள் கீழே இருந்த கூட்டாளியிடம் ஏதோ சொல்ல, கூட்டாளி காற்புள்ளியின் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கொண்டுபோய் விட்டார்.

அதற்கடுத்த நாள் வேய்ங்குழல். வேய் என்றாலும் மூங்கில். சரி, வேயர் என்று ஏதாவது கிடைக்குமா என்று துழாவினார். கூரை போடுவதும் வேய்தான் என்றது அகராதி. அடுத்த வரியிலேயே, ஒற்றறிவதும் வேய்தான் என்றது. ஆக, குழல் வாசிப்பவருக்கும் கூரை போடுபவருக்கும் உளவு பார்ப்பவருக்கும் நடுவில் அவர் நின்று கொண்டிருந்தார். இதில் யார் யார் என்று அவருக்குப் புரியவில்லை.

நான்காவது நாள் பழைய நூல் ஒன்றில் குழலோன் என்ற சொல் கிடைத்தது. பொருள் தெளிவு, பழமை உண்டு, சின்னச் சொல், பலகையில் அழகாக உட்காரும். ஒரு கணம் முன்னறை கையைவிட்டுப் போனதாகவே நினைத்தார். அப்புறம்தான் அது ஆண்பால் என்பது உறைத்தது. நாற்காலியிலேயே கண்ணை மூடி ஆறுதலாக மூச்சு விட்டார். இங்கே தூங்கக் கூடாது என்று நூலகர் வந்து மேஜையைத் தட்டினார்.

"உன்னை ஆம்பளையாக்கிடும். வேணாம்," என்று வீட்டில் சொன்னார்.

"குழலோள்னு இல்லையாங்க?"

"எங்கேயும் காணோம்."

"சரியா தேடினீங்களா?"

மெய்ப்புத் திருத்துகிறவரைப் பார்த்துக் கேட்கக் கூடாத கேள்வி இது. மறுநாள் ஒன்றரைக்கே நூலக வாசலில் போய் நின்றார்.

இப்படியே வாரம் ஒன்று போனது, இரண்டு போனது. குழலூதி என்றால் அடுப்பு ஊதுகிற ஞாபகம் வந்தது. குழலிசைக் கலைஞர் என்றால் பலகை வாசல் அகலத்தைத் தாண்டியது. வேணு என்று வடமொழிப் பக்கம் போனால் அங்கேயும் மூங்கில்தான் நின்றது. காற்புள்ளி ஜெயித்துக் கொண்டே இருந்தார். ஒவ்வொரு சாயங்காலமும் வெறுங்கையோடு வந்து, ஜெயித்ததைக் காட்டிக் கொள்ளாமல் உதட்டைப் பிதுக்குவார். மனைவி அவருக்குத் தேநீர் கொடுத்து, மனசைத் தளர விடாதீர்கள் என்பாள். கூடவே இன்னொரு சந்தேகத்தையும் ஊற்றிக் கொடுப்பாள். ஜெயித்த மனிதன் மதியத்தில் தூங்கிப் பதினைந்து நாளாயிற்று என்பது மட்டும்தான் அவருக்குக் கொஞ்சம் இடித்தது. சொல்லைக் கண்டுபிடித்தால் அறை போகும். கண்டுபிடிக்கும்வரை மதியம் போகும். இதில் எங்கேயோ ஒரு பிழை இருக்கிறது என்று தெரிந்தது. எந்த வரியில் என்று தெரியவில்லை.

வீட்டிலும் சில குழப்பங்கள். ஒரு நாள் தொட்டியில் ஏழு டம்ளர் கழுவாமல் கிடந்தன. இன்னொரு நாள் திவான் சுவரோடு ஒட்டிக் கிடந்தது, பெருக்கினேன் என்றாள். கீழ்வீட்டில் குடியிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒரு சாயங்காலம் படியில் வழிமறித்து, "முதல் வாரம் நாய் ஊளையிட்ட மாதிரி இருந்துச்சு சார். இப்ப எவ்வளவோ தேவலை," என்றார். எந்த நாய் என்று இவர் கேட்டார். தபால்காரர் இவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார். நாய் ஊளையிடுதல் என்பதற்கு வேறு பொருள் ஏதும் உண்டா என்று காற்புள்ளி மறுநாள் நூலகத்தில் பார்த்தார். இல்லை.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை. மதியம் ஒரு மணிக்கு அவர் பேனாவை மூடிக் கொண்டிருந்தபோது அச்சக முதலாளி கையில் ஒரு வெள்ளை அட்டையோடு வந்தார். வந்தவர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க. நாளைக்கு நானும் வீட்டுக்காரியும் கண்டிப்பா வந்துடறோம்."

"எங்க?"

"உங்க வீட்டுக்குத்தான்."

காற்புள்ளி அட்டையை வாங்கினார். குழல் இசை அரங்கேற்றம் என்று மேலே இருந்தது. எழுத்துப் பிழை இல்லை. வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு முப்பது. அதிலும் பிழை இல்லை. கீழே, புல்லாங்குழல் என்று போட்டு, பக்கத்தில் புள்ளி மேல் புள்ளியாக ஒரு முக்காற்புள்ளி. அதன் பின்னால் ஒரு பெண் பெயர். அந்தப் பெயரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. உடன் வாசிப்பவர்கள் என்று ஆறு பெயர்கள். அப்புறம் ஒரு கதவு எண், ஒரு தெரு.

கதவு எண்ணை இரண்டாம் தடவை படித்தபோதுதான் அது தன்னுடைய கதவு என்று தெரிந்தது.

"இதை யாரு பாத்தது?" என்றார்.

"நீங்கதான். நேத்து."

முதலாளி மேஜையைக் கிளறி மெய்ப்புத் தாளை எடுத்துப் போட்டார். சிவப்பு மையில் அவருடைய கை. கதவு எண்ணுக்கும் தெருப் பெயருக்கும் நடுவில் விட்டுப் போன காற்புள்ளியை அவரே போட்டிருந்தார். ஓரத்தில் 'அச்சிடலாம்' என்று எழுதி, கையெழுத்து, தேதி. மனைவியின் பெயரில் ஒரு எழுத்துக்குக் கால் உடைந்திருந்தது. அதையும் வட்டம் போட்டுச் சரி செய்திருந்தார்.

"எழுத்தைத்தானே பாத்தேன்," என்றார்.

"எழுத்து சுத்தமா இருக்கு சார். அதுல குறையே சொல்ல முடியாது."

வழியெல்லாம் அந்த முக்காற்புள்ளி அவர் கண் முன்னாலேயே வந்தது. பதினெட்டு வருஷத்தில் எத்தனை கச்சேரி அழைப்பிதழ்கள் அவர் கை வழியாகப் போயிருக்கின்றன. எல்லாவற்றிலும் வயலின் என்று போட்டு ஒரு முக்காற்புள்ளி, ஒரு பெயர். குழல் என்று போட்டு ஒரு முக்காற்புள்ளி, ஒரு பெயர். வாசிக்கிறவருக்கு என்ன சொல் என்று யாரும் கவலைப்பட்டதே இல்லை. கருவியைச் சொல்லி, ஆளைச் சொல்லி, நடுவில் இரண்டு புள்ளி வைத்தால் போதும் என்று உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. மூன்று வாரமாக மூங்கில் காட்டில் திரிந்தது அவர் ஒருவர்தான்.

வீட்டுக்குப் போய் ஒன்றும் தெரியாதவர் மாதிரி சாப்பிட்டார். இரண்டு மணிக்குக் குடையை வாங்கிக் கொண்டு கிளம்பினார். தெருமுனை வரை போய், ஒரு மரத்தடியில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். படியிலேயே சத்தம் கேட்டது. கதவு திறந்திருந்தது. வாசலில் ஆறு ஜோடி செருப்பு. உள்ளே பாய் விரித்து ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்க, ஏழு குழல்களும் ஒரே மெட்டில் போய்க் கொண்டிருந்தன. இரண்டு ஜன்னல் காற்றும் அவர்கள் மேல் நடந்து கொண்டிருந்தது. தூங்க வேண்டிய நேரத்தில் அந்தக் காற்று எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அப்போதுதான் முழித்த கண்ணோடு பார்த்தார்.

கடைசியில் இருந்த தையல்காரர் நிமிராமலே, வாசலில் தெரிந்த கால்களை மட்டும் பார்த்துக் குழலை இறக்கினார்.

"புதுசா சேர வந்தீங்களா? செருப்பை அந்த ஓரமா விடுங்க," என்றார்.

காற்புள்ளி செருப்பை அந்த ஓரமாக விட்டார்.

மனைவி எழுந்து வந்தாள். திடுக்கிட்டதாகத் தெரியவில்லை. நூலகம் இன்று லீவா என்று கேட்டாள்.

"போர்டு மாட்டாம வகுப்பு இல்லைன்னு சொன்னியே," என்றார் அவர், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

"போர்டு மாட்டலைன்னுதாங்க சொன்னேன். மாட்டலையே. வேணும்னா வாசலைப் பாருங்க."

அவர் நிஜமாகவே வாசலைத் திரும்பிப் பார்த்தார். சுவர் வெறுமையாக இருந்தது. ஒரு காற்புள்ளிக்காக ஆறாயிரம் தாளைக் கிழித்த மனிதர், தன் வீட்டில் பேசிய ஒப்பந்தத்தில் ஒரு முழு வாக்கியம் விடுபட்டதை மூன்று வாரமாகக் கவனிக்கவில்லை.

"அப்ப நான் தேடினது?"

"தேடுங்க. யாரு வேணாம்னது? தினம் சாயங்காலம் புல்லு, மூங்கில்னு நீங்க வந்து சொல்றதைத்தான் மறுநாள் இவங்களுக்குச் சொல்லிக் குடுப்பேன். எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

நர்ஸம்மா தலையாட்டினார். வேய்க்கு உளவு என்று பொருள் இருப்பது தனக்குத் தெரியவே தெரியாது என்றார். காற்புள்ளிக்குக் கோபப்படுவதா, கொஞ்சம் பெருமைப்படுவதா என்று புரியவில்லை. கையில் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார்.

"நாளைக்கு ஊரு முழுக்க வரும். உன்னை என்னன்னு சொல்லிக் கூப்பிடுவாங்க? கடைசியில அந்தச் சொல் கிடைக்கலைல?"

"இவங்க முதல் நாள்லேருந்தே கூப்பிடறாங்களே. குழலக்கான்னு."

"அது எந்த அகராதியிலயும் கிடையாது."

"இந்தத் தெருவுல எல்லாரு வாயிலயும் இருக்கேங்க," என்றாள் அவள். அப்புறம், அப்போதுதான் தோன்றியது போலத் தலையைச் சாய்த்து, "ஆமா, எனக்கும் ரொம்ப நாளா கேக்கணும்னு. இந்த அக்காங்கிற சொல் எங்கேருந்துங்க வந்துச்சு?" என்றாள்.

காற்புள்ளி பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவருக்குத் தெரியவில்லை. சின்ன வயசிலிருந்து சொல்கிற சொல். எங்கேயிருந்து வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இது என்ன வலை என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. யார் விரித்தது, எதற்கு விரித்தது என்பதும் தெரிந்தது. ஆனாலும் மணி மூன்றுகூட ஆகவில்லை. நூலகம் மூட இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கால் தானாகப் போய் ஓரத்திலிருந்த செருப்பைத் தேடியது. மனைவி குடையை நீட்டினாள்.

படி இறங்கும்போது மேலே குழல்கள் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தன. தெருவில் ஒரு பெண்மணி, இன்னும் உறை பிரிக்காத குழல் ஒன்றைக் கையில் வைத்துக் கொண்டு, போர்டு எதுவும் இல்லாத வீடுகளாகப் பார்த்துக் குழம்பி நின்றார். கீழ்வீட்டுத் தபால்காரரிடம் வழி கேட்டார். தபால்காரர் மாடியைக் காட்டிவிட்டு, குடையோடு போய்க் கொண்டிருந்தவரையும் காட்டி, "அதோ போறாரே, அவருதான் குழலக்கா வீட்டுக்காரரு," என்றார்.

காதில் விழுந்த அந்தப் பட்டத்துக்கு என்ன பொருள், அது எங்கே பிறந்தது என்பதில் மட்டும் காற்புள்ளிக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.